கௌஷிக் அழித்த இருநூற்றுப் பதினோரு இடங்கள்

அத்தியாயம் 9

போன வார அத்தியாயத்தில், இரவு தன் கார் வழிகாட்டிக் கருவியை மகன் கையில் கொடுத்துவிட்டு வைஜயந்தி நிம்மதியாகப் படுக்கப் போனாள் அல்லவா? அந்த நிம்மதிக்கு ஆயுள் காலை எட்டரை மணி வரைதான்.

எட்டரைக்கு, பூனாவின் கசார்வாடிச் சந்தில் நின்ற பழைய வேகன் ஆரின் முன்கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, கருவியின் ரப்பர் கிண்ணத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். சிகரெட் லைட்டர் துளையில் ஒயரைச் செருகினாள். கையகலத் திரை வெளிச்சமாயிற்று. தினமும் 'வணக்கம்' சொல்கிற குரல் இன்று 'வெல்கம்' என்றது.

பாஷைதானே, மாற்றிக்கொள்ளலாம் என்று 'என் இடங்கள்' பொத்தானைத் தொட்டாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. இருநூற்றுப் பதினோரு இடங்கள் இருந்த பட்டியலில் ஒற்றைப் பூஜ்யம் உட்கார்ந்திருந்தது.

"கௌஷிக்!"

வாயில் பிரஷோடு வெளியே வந்தான் இருபத்தேழு வயதுப் பிள்ளை. ஹிஞ்சவாடியில் சாஃப்ட்வேர் வேலை. பண்டரிபுரத்துக்குப் பல்லக்கு போகிற பால்கி ஊர்வலத்துக்காகச் சாலையெல்லாம் அடைப்பு என்பதால் ஆபீஸில் எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"என் இடமெல்லாம் எங்கடா?"

"அது... அப்டேட் பண்றச்சே ரீசெட் ஆயிடுத்து மா. மேப் இப்ப ஏக்தம் லேட்டஸ்ட். புது ரோடெல்லாம் இருக்கு, பாரேன்."

"புது ரோடு யாருக்குடா வேணும்? இருநூத்திப் பதினொண்ணு. ஒவ்வொண்ணா நான் குத்தி வச்சது."

வைஜயந்தி கத்தவில்லை. கத்தினால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷ உழைப்பை ஒரு ராத்திரியில் துடைத்துப் போட்டுவிட்டானே என்று நெஞ்சு எரிந்தது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. வைஜயந்தியின் கணவர் ஸ்வாமிநாதன், கட்கி அம்யூனிஷன் ஃபாக்டரியில் முப்பத்தொரு வருஷம் அளவுக் கருவிப் பிரிவில் இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கசார்வாடியில் வீட்டை ஒட்டி இரண்டு அறை வாடகைக்கு எடுத்து ஒரு லேப் போட்டார். சுற்றுவட்டாரத்துப் பட்டறைகளின் மைக்ரோமீட்டரும் வெர்னியரும் துளை அளக்கும் கேஜும் உண்மை பேசுகின்றனவா என்று வருஷத்துக்கு ஒரு தரம் சோதிக்க வேண்டும். சோதித்துச் சான்றிதழ் எழுதி, பச்சையாக ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பது அவர் வேலை. போசரித் தொழிற்பேட்டைக்குப் போய் வாங்கி வருவதும் திருப்பிக் கொடுப்பதும் வைஜயந்தி வேலை.

கார் ஓட்டக் கற்றபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. மூன்றாவது வாரத்தில் எதிர் வீட்டுத் துளசி மாடத்தை இடித்துத் தள்ளிய கதையை ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் கௌஷிக் தன் முதல் மாதச் சம்பளத்தில் இந்தக் கருவியை வாங்கிக் கொடுத்தான்.

'போனிலேயே மேப் இருக்கே, இது எதற்கு?' என்று கேட்காதவர்கள் கிடையாது. போன் நடுவழியில் மணியடிக்கும், வெயிலில் சூடாகி அணைந்துபோகும். இது வழியைத் தவிர வேறு பேச்சு பேசாது. இதெல்லாம் அவள் வெளியே சொல்கிற காரணங்கள். உண்மைக் காரணம் அந்தப் பட்டியல்.

போசரித் தொழிற்பேட்டையில் மனை எண்கள் வரிசையாக வராது. நாற்பத்தேழுக்குப் பக்கத்தில் நூற்றுப் பன்னிரண்டு இருக்கும். முகவரியைப் போட்டால் எந்த மேப்பும் ஏதாவது ஒரு சுவரில் கொண்டுபோய் விடும். சுவருக்குள் ஃபாக்டரி இருக்கும், கேட் இருக்காது. அதனால் ஒவ்வொரு கேட்டையும் கண்டுபிடித்த உடனே, அங்கேயே ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, அந்த இடத்தைக் கருவியில் குறித்து வைப்பாள். பெயரும் அவளே வைப்பாள், ஆங்கில எழுத்தில் தமிழாக. 'நாய் கேட்', 'அழுமூஞ்சி வாட்ச்மேன்', 'ரெட்டை வேப்பமரம்'. பெயிண்ட் கம்பெனி ஓரமாகப் போகிற சந்துக்கு 'மூக்கைப் பொத்து'. பிறகு 'குழி 1' முதல் 'குழி 37' வரை. கேஜ் பெட்டி குலுங்கினால் அவர் பார்த்த வேலை வீண் என்பதால் பள்ளங்களையும் விட்டுவைக்கவில்லை.

ஸ்வாமிநாதனுக்கு அந்தக் கருவியைக் கண்டாலே இளக்காரம். "பத்து மீட்டர் தப்பாக் காட்டற சாமானை எவனாவது என் லேப்புக்குக் கொண்டுவந்தா, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிடுவேன்" என்பார். அவர் எதையும் ஐந்து தரம் அளந்தால்தான் நம்புவார். கேஜ் மட்டுமில்லை, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை ஐந்து தரம் வைத்துச் சராசரி எடுக்கிற மனிதர்.

"நீயும் உன் மேடமும்" என்று, கருவிக்குள் பேசுகிற குரலையும் சேர்த்துக் கேலி செய்யாத நாள் கிடையாது. வைஜயந்தியும் விட்டுக்கொடுத்துச் சிரிப்பாள். "எனக்கு என்னன்னா தெரியும்? எல்லாம் மேடத்துக்குத்தான் தெரியும்" என்பாள். அதை அவள் மனசாரவே நம்பினாள்.

அந்த மேடம் இன்று, வேறு நாளே கிடைக்காத மாதிரி இன்று, எல்லாவற்றையும் மறந்துவிட்டு நிற்கிறாள்.

இன்றைக்குப் பின்சீட்டில் ஸ்பாஞ்சு விரித்த மூன்று மரப்பெட்டிகளில் முப்பத்தெட்டு கேஜுகள். போசரியில் ஒரு கியர் ஃபாக்டரியுடையவை. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அங்கே ஒரு கார் கம்பெனியின் தரச் சோதனை ஆடிட்டர்கள் உட்காருகிறார்கள். அதற்குள் இவை சான்றிதழோடு மேஜைமேல் இருந்தால், அந்த முதலாளியின் மூன்று ஃபாக்டரிகளின் வேலையும் வருஷம் முழுக்க இவர்களுக்கு. இல்லையென்றால் இத்தோடு சரி. பெரிய பெரிய லேப்களை விட்டுவிட்டு இவர்களைச் சிபாரிசு செய்தவள் அங்கே தரப் பிரிவைப் பார்க்கும் ப்ரீதி. அவள் பெயரும் இந்தப் பெட்டிகளோடு கூடவே போகிறது.

நேற்றே கொடுத்திருக்கலாமே என்றால் அதுவும் முடியாது. வந்த கேஜுகள் இருபது டிகிரி ஏசி அறையில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டும் என்பது ஸ்வாமிநாதனின் சட்டம். அரிசியும் உளுந்தும் மாதிரி இவையும் ஊறணும் என்பாள் வைஜயந்தி. "சூட்டோட அளந்தா அது அளவில்லை, அபிப்ராயம்" என்பார் அவர். முப்பத்தெட்டும் ஊறி, ஒவ்வொன்றையும் ஐந்து தரம் அளந்து முடிக்க ஒரு வாரம் பிடித்தது. கடைசிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு இப்போதுதான் அறையை விட்டு வெளியே வந்தார்.

"என்ன, இன்னும் கிளம்பலையா?"

"உங்க பிள்ளை என் இடத்தையெல்லாம் அழிச்சுட்டான்னா."

வழக்கமான ஸ்வாமிநாதனாக இருந்தால் அரை மணி நேரம் கிண்டல் ஓடியிருக்கும். இன்று அவர் கௌஷிக்கைப் பார்த்தார். கௌஷிக் பிரஷைப் பார்த்தான்.

"எல்லாமேவா?" என்று கேட்டார், மெதுவாக.

"எல்லாமே" என்றான் கௌஷிக்.

"ஒன்பது மணி ஆகப் போறது வைஜு. இவனையும் அழைச்சுண்டு போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை கேலி இல்லை. வைஜயந்திக்கு அது விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் யோசிக்க நேரம் இல்லை.

*

பழைய மும்பை நெடுஞ்சாலையை விடியற்காலையிலேயே அடைத்துவிட்டார்கள். பின்சந்து வழியாகப் பிம்ப்ளே குரவ் பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு நாசிக் பாட்டா மேம்பாலத்தில் ஏறுவதற்குள் பத்தேகால் ஆகிவிட்டது. ஏறின பிறகும் வண்டிகள் எறும்பு ஊர்கிற மாதிரிதான் நகர்ந்தன.

பாலத்துக்குக் கீழே நெடுஞ்சாலை முழுக்க வார்கரிகள், பண்டரிபுரத்துக்கு நடந்தே போகிற பக்தர்கள். காவிக் கொடிகள், தாளச் சத்தம், வெள்ளைத் தொப்பிகள். தலையில் துளசிச் செடியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வேகமாக நடந்துபோனார்கள். தான் இடித்த துளசி மாடம் ஞாபகம் வந்து, வைஜயந்தி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, நெட்வொர்க்கே இல்லை" என்றான் கௌஷிக். போனில் மேப் சுற்றிக்கொண்டே இருந்தது. "இவ்ளோ ஜனம் இருந்தா டவர் எல்லாம் ஜாம் ஆயிடும். ப்ரீதிக்குக் கூடக் கால் போகலை."

"அவ போனை இன்னிக்குக் கேட்லயே வாங்கி வச்சுண்டிருப்பா. ஆடிட்னா அப்படித்தான்."

"பரவாயில்லை மா. கருவிக்கு நெட்வொர்க்கே வேண்டாம். அட்ரஸ் போட்டுட்டேன். இது கூட்டிண்டு போயிடும்."

"தமிழ்ல பேசறதா?"

"டவுன்லோட் பண்ணணும் மா. அப்புறமா."

அவளுக்கு அதுவும் வருத்தம். வலப்பக்கம், இடப்பக்கம் என்ற சொற்களையே கௌஷிக் அந்தக் குரலிடம்தான் கற்றுக்கொண்டான். வீட்டில் எல்லோரும் ரைட்டு, லெஃப்ட்டு, 'ஸீதா போ' என்றுதான் பேசுவார்கள். பூனா முழுக்கத் தேடினாலும் அத்தனை சுத்தமாகத் தமிழ் பேசுகிறவள் அந்த மேடம் ஒருத்திதான்.

போசரிக்குள் நுழையும்போது பத்து ஐம்பத்தைந்து. இங்கிலீஷ் மேடம் தன்னம்பிக்கையோடு வழி சொன்னாள். திரும்பு என்ற இடத்தில் திரும்பினார்கள். பதினொன்று பத்துக்கு, வந்து சேர்ந்துவிட்டோம் என்று அறிவித்தாள்.

எதிரே பன்னிரண்டு அடி உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்கும் காருக்கும் நடுவில் கறுப்புச் சாக்கடையாக ஒரு நாலா ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் இவர்கள் தேடுகிற ஃபாக்டரியின் கூரை தெரிந்தது. கேட் இல்லை.

"நாலாவுக்கு அந்தப் பக்கம் போகணும். அவ்ளோதான்" என்றான் கௌஷிக். கருவியைத் தட்டினான். அது வேறு வழி கணக்குப் போட்டது. அந்த வழி ஒரு லாரிக்குப் பின்னால் எட்டு நிமிஷம் நிறுத்தி, இன்னொரு சந்து வழியாக அதே சுவரின் இன்னொரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

மணி பதினொன்று இருபத்தைந்து.

கௌஷிக்கின் முகம் வெளுத்துவிட்டது. "ஸாரி மா. என்னாலதான். அரே யார், நான் ஏன் அதைத் தொட்டேன்..."

வைஜயந்தி கண்ணை மூடி யோசித்தாள். இந்த ஃபாக்டரிக்கு இதற்கு முன் ஒரே ஒரு தரம்தான் வந்திருக்கிறாள், போன வாரம் பெட்டிகளை வாங்கிப் போக. அன்றைக்கு ப்ரீதி போனில் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்டுக்கு எதிரே நிறுத்தி இருநூற்றுப் பதினோராவது இடமாகக் குறித்துக்கொண்டாள். என்ன பெயர் வைத்தோம்?

'வாழைத்தார் டப்ரி.'

டீக்கடை. டப்ரிக்காரன் கூரையிலிருந்து ஒரு வாழைத்தாரைத் தொங்கவிட்டிருந்தான். அதற்கு முன்னால்? 'குழி 37.' அதற்கும் முன்னால் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்குக் கைப்பிடி ஒரு பக்கம்தான் இருந்தது. அதனால் 'ஒத்தைக் கை'. ஒத்தைக் கைக்கு வருவதற்கு 'மூக்கைப் பொத்து' சந்தைத் தாண்ட வேண்டும்.

அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு பெயரையும் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, கட்டைவிரலால் எழுத்தெழுத்தாகத் தட்டியவள் அவள். கருவிக்குள் போகும் முன் ஒவ்வொன்றும் அவள் தலைக்குள் போயிருந்தது.

"கௌஷிக், அந்த வாயை மூடு."

"நான் ஒண்ணும் பேசலையே மா."

"உன்னை இல்லைடா. அந்த இங்கிலீஷ்காரியை."

அவன் சத்தத்தை அணைத்தான். வைஜயந்தி ரிவர்ஸ் கியர் போட்டாள்.

"நான் சொல்லச் சொல்ல நீ குத்திண்டே வா. இதோ, இது 'ரெட்டை வேப்பமரம்'. குத்தினியா? இப்ப ரைட்டு. இது நாய் கேட்."

"நாயைக் காணோமே?"

"பதினோரு மணிக்கு மேல அது கேன்டீனுக்குப் போயிடும். குத்து."

பின்சீட்டில் பெட்டிகள் ஒரு முனகல் இல்லாமல் உட்கார்ந்திருந்தன. குழி இருபத்தொன்பதுக்கு இடப்பக்கம் ஒடித்தாள். முப்பதையும் முப்பத்தொன்றையும் சக்கரங்களுக்கு நடுவில் விட்டாள். பள்ளம் கண்ணில் படுவதற்கு முன்பே அம்மாவின் கை திரும்புவதைக் கௌஷிக் வாய் பிளந்து பார்த்தான். பெயிண்ட் வாடை வந்ததும், அவள் சொல்லாமலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் குத்தினான்.

"அம்மா, நீ ஒரு சர்வர் மா" என்றான்.

"அப்படின்னா?"

"எல்லாம் உன் தலையிலதான் ஸ்டோர் ஆயிருக்கு. நாங்கதான் வேற எங்கயோ தேடறோம்."

வைஜயந்திக்குக் கோபம் கொஞ்சம் குறைந்தது. முழுக்கக் குறையவில்லை. ஒத்தைக் கைப் பாலத்தில் ஏறி இறங்கினாள். எதிரே வாழைத்தார் தொங்கியது. போன வாரத்தைவிட நாலு சீப்பு குறைவு.

மணி பதினொன்று நாற்பத்தேழு.

*

கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள் ப்ரீதி. "காகூ! ஆலாத் தும்ஹி!" என்று மராத்தியில் கூவிக்கொண்டு ஓடிவந்தவள், வந்துவிட்டார்கள் என்பதை நம்ப முடியாமல் காரின் கதவையே ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள்.

வாட்ச்மேன் வைஜயந்தியின் போனை வாங்கி டப்பாவில் போட்டான். கௌஷிக் காரிலேயே இருக்க, பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து அவளே உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முப்பத்தெட்டு கேஜுகளும் மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்தன.

ஆடிட்டர் நரைத்த மீசைக்காரர். ஒன்றை எடுத்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு கையிலிருந்த காகிதத்தைப் புரட்டி ஹிந்தியில் கேட்டார்: "லேப்பிலிருந்து இங்கே வருகிறவரை இவை குலுங்கவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

ப்ரீதி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி விட்டத்தைப் பார்த்தார்.

"நான் சொல்கிறேன்" என்றாள் வைஜயந்தி.

கட்கிச் சந்தையில் பேரம் பேசிப் பேசி வளர்ந்த ஹிந்தி அவளுடையது. அதிலேயே சொன்னாள். கசார்வாடியிலிருந்து இந்த மேஜை வரைக்கும் முப்பத்தேழு பள்ளம். எது எந்தப் பக்கம், எதில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், எந்த ஸ்பீடு பிரேக்கரில் முதல் கியருக்கு வர வேண்டும். பெட்டிக்குள் இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு. நாற்பதுக்கு மேல் வண்டி போகாது. பள்ளத்தை மூடினால் பட்டியலிலிருந்து எடுப்பாள், புதிதாக விழுந்தால் சேர்ப்பாள்.

"முப்பத்தேழாவது எங்கே?" என்று கேட்டார் ஆடிட்டர், சோதிக்கிற மாதிரி.

"உங்கள் கார் இன்று காலை அதில்தான் இறங்கியிருக்கும். டீக்கடைக்கு முன்னால், இடப்பக்கம்."

ஆடிட்டர் முதல் முறையாகச் சிரித்தார். "இந்தக் கேள்வியைப் பல வருஷமாகக் கேட்கிறேன். யாரும் பதில் சொன்னதில்லை. இனிமேல் இந்தக் காகிதத்தில் போக்குவரத்துப் பொறுப்பு என்று ஒரு வரி சேருங்கள்" என்று முதலாளியிடம் சொன்னார். பிறகு வைஜயந்தியின் முழுப் பெயரைக் கேட்டு, தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

வாசல்வரை கூடவே வந்தாள் ப்ரீதி. மூன்று விரலை நிமிர்த்திக் காட்டினாள். மூன்று ஃபாக்டரி.

வைஜயந்தி காரை நோக்கி நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐம்பதை எட்டப்போகிறவள் மாதிரியா நடந்தாள்? தலை நிமிர்ந்து, தள்ளுவண்டியைக் குழந்தை வண்டி மாதிரி ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு, வாட்ச்மேனிடம் போனைத் திருப்பி வாங்கி, அவனுக்கே ஒரு சல்யூட் வைத்துவிட்டு வந்தாள். தான் ஓட்டுநர் மட்டும் இல்லை என்று யாராவது ஒரு நாள் சொல்ல மாட்டார்களா என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது. இன்றைக்கு அது மையில் எழுதப்பட்டுவிட்டது.

*

காருக்குள் கௌஷிக் மடியில் லாப்டாப், லாப்டாப்பிலிருந்து கருவிக்கு ஒரு ஒயர். அம்மா வருவதைக் கண்டதும் திடுக்கிட்டு எதையோ அவசரமாகத் தட்டினான்.

"மூணு ஃபாக்டரியும் நமக்குத்தான்டா!"

"அம்மா! சூப்பர் மா!" என்றான். சந்தோஷம் நிஜம்தான், ஆனால் விரல் தட்டுவதை நிறுத்தவில்லை.

"என்னடா பண்றே?"

"நல்ல நியூஸ் மா. நேத்து அழிக்கறதுக்கு முன்னாடி லாப்டாப் தானாவே ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கு. இப்பதான் பார்த்தேன். எல்லாம் திரும்ப வந்துடுத்து. ஒரே ஒரு நிமிஷம்..."

அவன் ஒரு நிமிஷம் கேட்டால் வைஜயந்தி கொடுப்பாளா? கருவியை வாங்கிக்கொண்டாள். 'என் இடங்கள்' என்று தொட்டாள். பட்டியல் நீளமாக விரிந்தது. நாய் கேட் வந்துவிட்டது, அழுமூஞ்சி வந்துவிட்டான். கண்ணில் நீர் முட்டியது. மேலே எண்ணைப் பார்த்தாள்.

இருநூற்றுப் பதினாறு.

"பதினொண்ணுதானே? இது என்ன, அஞ்சு கூட இருக்கு?"

கௌஷிக் வெளியே தொங்கிய வாழைத்தாரைப் பார்த்தான்.

வைஜயந்தி பட்டியலைக் கடைசிவரை தள்ளினாள். அங்கே இருந்தன, ஒன்றன்கீழ் ஒன்றாக. 'வைஜு 1', 'வைஜு 2', 'வைஜு 3', 'வைஜு 4', 'வைஜு 5'. ஐந்தும் போசரியிலேயே ஒரே சந்தில், ஒன்றுக்கொன்று நாலைந்து அடி தள்ளி.

ஒரே இடத்தை ஐந்து தரம் அளக்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்தான்.

"உங்கப்பா இதைத் தொட்டாரா?" என்றாள்.

"அம்மா, ப்ளீஸ், அப்பா என்னைக் கொன்னுடுவார்."

"சொல்லுடா."

"நீ போன ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தப்போ அப்பா வண்டியை எடுத்துண்டு போய், இதுல எதையோ குறிச்சு வச்சுண்டு வந்திருக்கார். நேத்து என்னைக் கூப்பிட்டு, இந்த அஞ்சை மட்டும் அழிச்சுடு, அம்மா கண்ல பட்டுடப் போறதுன்னார். நான் தப்பா எல்லாத்தையும் செலக்ட் பண்ணிட்டேன், தமிழ்க் குரலும் சேர்ந்து போயிடுத்து. அப்டேட் அது இதுன்னதெல்லாம் பொய் மா."

காலையில் அவர் ஏன் கேலி செய்யவில்லை என்பது இப்போது புரிந்தது. வைஜயந்திக்குச் சிரிப்பதா, இவன் முதுகில் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

"அங்க என்ன இருக்கு?"

"சத்தியமாத் தெரியாது மா."

மூன்று சந்து தாண்டி, ஒரு வரிசையில் பத்துப் பன்னிரண்டு சின்ன ஷெட்டுகள். கருவி காட்டிய ஐந்து புள்ளிகளும் ஒரே ஒரு ஷட்டரின் அகலத்துக்குள் அடங்கின. நீலப் பெயிண்டின் வாடை இன்னும் போகாத ஷட்டர். புதுப் பூட்டு. பூட்டுக்குமேல் பச்சையாக ஒரு வட்டம்.

இறங்கிக் கிட்டப் போய்ப் பார்த்தாள். அவர்கள் லேப்பின் ஸ்டிக்கர்தான். மணிமணியான அவர் கையெழுத்து. ஆயிரக்கணக்கில் அவள் பார்த்த ஸ்டிக்கர் அது. பொறுப்பு என்ற வரியில் எப்போதும் 'ஸ்வாமிநாதன்' என்றுதான் இருக்கும். இதில் 'வைஜயந்தி' என்று இருந்தது. அடுத்த சோதனைத் தேதி என்ற கட்டத்தில் வருகிற வியாழக்கிழமை.

வியாழக்கிழமை அவளுக்கு ஐம்பது வயது நிறைகிறது. கல்யாணமான இந்த இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தரம்கூட அவருக்கு அந்தத் தேதி ஞாபகம் இருந்ததில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆடிட்டர் இன்றைக்குத்தான் எழுதினார். இந்த மனிதர் அதற்கு முன்பே எழுதி ஒட்டிவிட்டிருக்கிறார். ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்திவிட்டாள்.

அப்போதுதான் பாதத்தில் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்து ஷட்டரின் அடி இடுக்கில் புறங்கையை வைத்தாள். குளிர்ந்த காற்று. இரண்டு வருஷம் அந்த அறைக்குள் போய் வந்த கைக்கு அது என்ன குளிர் என்று தெரியாதா? சரியாக இருபது டிகிரி.

"கௌஷிக், உள்ள ஏசி ஓடறதுடா."

"பூட்டியிருக்கே மா?"

"அதான் கேக்கறேன். ஏசி ஓடறதுன்னா உள்ள ஏதோ ஊறிண்டிருக்குன்னு அர்த்தம். நம்ம கிட்ட இருந்ததே அந்த முப்பத்தெட்டுதான். அதையும் இப்பதானே குடுத்துட்டு வந்தேன். இது யாரோடது?"

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஸ்வாமிநாதன்.

"குடுத்துட்டியா?"

"பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கச்சே. மூணு ஃபாக்டரியும் நமக்குத்தான்."

"ஒரு இடம்கூட இல்லாமலா போய்ச் சேர்ந்தே?" என்றார்.

"எல்லாம் இருந்துதுன்னா. என்கிட்ட இருந்துது."

"தெரியும்" என்றார் அவர். "எனக்கு அது தெரியும் வைஜு." அப்புறம், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "இப்ப எங்க இருக்கே?"

வைஜயந்தி பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தாள். "வந்துண்டே இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

காரில் ஏறி உட்கார்ந்தாள். கிளம்பவில்லை. ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, கருவியைக் கழற்றிக் கையில் எடுத்து, வழக்கம்போல் கட்டைவிரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

"என்ன மா குத்தறே?"

"உங்கப்பா வேலையைப் பாதியில விட்டுட்டார்டா. அஞ்சு தரம் அளந்தவர் இன்னொரு ஆளை வச்சு ஒரு தரம் சரிபார்க்க வேண்டாமா?"

அடுத்த தரம் ஸ்வாமிநாதன் யாருக்கும் தெரியாமல் இந்தப் பட்டியலைத் திறக்கும்போது, அவர் வைத்த ஐந்துக்கும் கீழே 'வைஜு 6' இருக்கும்.